பழைய ஜன்னலை கழற்றும் முன் கொஞ்சம் கணக்கு போடுங்க: கரண்ட் பில் குறையுமா? மரக்காணம்-புதுவை கடற்கரை வீடுகளுக்கு ஒரு விளக்கம்

மரக்காணம்:-

கோடை வந்தால் போதும். கடற்கரை ஊர்களில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் வீட்டில் ஒரே பேச்சுதான். "இந்த மர ஜன்னலை கழற்றிப் போட்டுட்டு கண்ணாடி ஸ்லைடிங் போட்டுடலாமா? ஏ.சி. காத்து வெளியே போகாது, கரண்ட் பில்லும் குறையும்" என்பதுதான் அது.

மரக்காணத்தில் இருந்து கிழக்கு கடற்கரை சாலையில் தெற்கே சுமார் 35 கிலோ மீட்டர் போனால் புதுச்சேரி. அங்கே பழைய நகரப் பகுதியில் இதே பேச்சு இன்னும் பெரிய விஷயம். காரணம், பாரம்பரிய கட்டிடப் பட்டியலில் உள்ள வீடு என்றால் முகப்பில் உள்ள ஜன்னலை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. "மின்சாரத்தை மிச்சப்படுத்த விடாமல் சட்டம் தடுக்குதே" என்று சிலர் அலுத்துக் கொள்வதும் உண்டு.

உண்மையில் சட்டமும் மின்சார மிச்சமும் எதிரும் புதிருமாகத்தான் இருக்கிறதா? கணக்கு போட்டுப் பார்த்தால் விடை வேறு மாதிரி வருகிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

எது பாரம்பரிய பகுதி?

புதுவை நகரம் 1761-ல் ஆங்கிலேயரால் இடித்து தரைமட்டமாக்கப்பட்டது. அதன்பிறகு பிரெஞ்சுக்காரர்கள் மீண்டும் கட்டி எழுப்பிய நகரம்தான் இன்று நாம் பார்ப்பது. பெரிய வாய்க்காலுக்கு கிழக்கே, கடலை ஒட்டி பிரெஞ்சு பகுதி. மேற்கே தமிழர் பகுதி.

பிரெஞ்சு பகுதி வீடுகளில் உயரமான ஜன்னல், அதற்கு வெளியே சாய்வாக பட்டைகள் அடித்த மரக்கதவு. தமிழர் பகுதி வீடுகளில் தெருவைப் பார்த்து திண்ணை, தாழ்வாரம், உள்ளே முற்றம். பல வீடுகளில் கீழே தமிழ்ப் பாணி, மாடியில் பிரெஞ்சு பாணி என்று இரண்டும் கலந்து நிற்கும்.

1990-களில் இன்டாக் அமைப்பு கணக்கெடுத்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கட்டிடங்கள் பட்டியலில் இருந்தன. அதில் பெரும் பகுதி பிறகு இடிந்தும், இடிக்கப்பட்டும் போய்விட்டது.

மிச்சம் இருப்பதை காப்பாற்றத்தான் பாரம்பரிய பட்டியல் போடப்பட்டது. பட்டியலில் உள்ள கட்டிடத்தின் முகப்பை மாற்ற வேண்டும் என்றால் புதுச்சேரி நகர அமைப்பு குழுமத்தில் அனுமதி வாங்க வேண்டும். ஜன்னலும் முகப்பில் சேர்த்திதான்.

ஐரோப்பிய யூனியனின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் 2002 முதல் 2004 வரை புதுவை வைசியாள் வீதியில் வீட்டு முகப்புகள் புதுப்பிக்கப்பட்டன. திண்ணை, தாழ்வாரத் தூண், ஜன்னல் எல்லாம் பழைய முறையிலேயே சரி செய்யப்பட்டன. இதற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது.

மரக்காணத்தில் புதுவை போல வீடுகளுக்கு இப்படி ஒரு பட்டியல் கெடுபிடி கிடையாது. ஆனால் வெயில் ஒன்றுதான், உப்புக்காற்று ஒன்றுதான். அதனால் இந்தக் கணக்கு இரண்டு ஊருக்கும் பொருந்தும்.

வெள்ளைக்காரன் கணக்கு வேறு

ஜன்னலை மாற்றினால் மின்சாரம் மிச்சம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? குளிர் நாடுகளில் இருந்து வந்தது.

இங்கிலாந்தில் 1967-ம் ஆண்டு சட்டத்தில் இருந்தே பாதுகாக்கப்பட்ட பகுதிகள் அறிவிக்கப்பட்டு வருகின்றன. அங்கும் பழைய ஜன்னலை எடுத்துவிட்டு இரட்டைக் கண்ணாடி போடலாமா, கூடாதா என்று பல வருடமாக வழக்கு நடக்காத குறைதான்.

அங்கே குளிர்காலத்தில் வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி. வித்தியாசம் 20 டிகிரி. அதுவும் மாதக்கணக்கில். வீட்டுக்குள் காசு கொடுத்து உண்டாக்கிய சூடு கண்ணாடி வழியாக ராத்திரி பகலாக வெளியேறிக் கொண்டே இருக்கும். அதைத் தடுக்க இரட்டைக் கண்ணாடி உதவுகிறது.

அங்கேயும் ஒரு சுவாரசியமான விஷயம் தெரிய வந்தது. 2008-ல் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் பழைய ஜன்னல்களை வைத்து சோதனை செய்தது. பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னலின் மரக்கதவை இழுத்து மூடினாலே, கண்ணாடி வழியாக போகும் வெப்பம் சுமார் பாதி குறைந்துவிட்டது. ஜன்னலை மாற்றாமலே பாதி மிச்சம்.

நம்ம ஊர் கணக்கு

நம்ம ஊரில் கோடை மத்தியானம் வெளியே 36 டிகிரி, ஏ.சி. போட்ட அறையில் 26 டிகிரி என்று வைத்துக் கொள்வோம். வித்தியாசம் 10 டிகிரிதான்.

சாதாரண ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 5.8 வாட் வெப்பத்தை விடும். 10 டிகிரிக்கு 58 வாட். இரட்டைக் கண்ணாடி என்றால் இது சுமார் 28 வாட். ஆக இந்த வகையில் மிச்சம் 30 வாட்.

ஆனால் நம்ம ஜன்னலுக்கு உண்மையான எதிரி வெளிக்காற்றின் சூடு அல்ல. நேரடி வெயில்!

மேற்கு பார்த்த ஜன்னலில் சாயங்கால வெயில் சதுர மீட்டருக்கு சுமார் 500 வாட் என்று வைத்துக் கொண்டாலும், சாதாரண கண்ணாடி அதில் 80 சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். அதாவது 400 வாட். மேலே சொன்ன 58 வாட்டைப் போல ஏறக்குறைய 7 மடங்கு.

நிறமில்லாத இரட்டைக் கண்ணாடி போட்டால் வெயில் 350 வாட் வரை உள்ளே வரும். அதாவது ரெட்டைக் காசு கொடுத்தும் முக்கால்வாசிக்கு மேல் சூடு உள்ளேதான் வருகிறது.

இதே ஜன்னலுக்கு வெளியே பழைய பட்டை மரக்கதவை மூடி வைத்தால்? வெயில் கண்ணாடியையே தொடாது. பெரும் பகுதி வெளியிலேயே நின்றுவிடும்.

3 சதுர மீட்டர் மேற்கு ஜன்னல் என்றால் 1,200 வாட் வெயில் சூடு. ஒரு டன் ஏ.சி. என்பது சுமார் 3,500 வாட் சூட்டை வெளியேற்றும் இயந்திரம். அப்படியானால் உங்கள் ஏ.சி.யின் மூன்றில் ஒரு பங்கு வேலை அந்த ஒரு ஜன்னலோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும்.

திரையை உள்ளே போட்டால் போதாதா என்று கேட்கலாம். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையில் பட்டு அறைக்குள்ளேயேதான் சூடாகிறது. குடையை வீட்டுக்குள் பிடித்துப் பயன் இல்லை. வெயிலை வெளியிலேயே நிறுத்த வேண்டும்.

கருப்புக் கண்ணாடி, பளபளக்கும் கண்ணாடி போட்டால் வெயில் குறையும்தான். ஆனால் வெளிச்சமும் குறையும். பகலிலேயே லைட் போட வேண்டி வரும். பாரம்பரிய தெருவில் அந்தக் கண்ணாடி முகப்புக்கு ஒத்தும் வராது.

காற்று பாதியாகும்

ஏ.சி. இல்லாத அறைக்கு, அல்லது ராத்திரி மட்டும் ஏ.சி. போடும் வீட்டுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. இதை ஜன்னல் விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வது இல்லை.

மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு 2018-ல் குடியிருப்பு கட்டிடங்களுக்காக 'இகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதிமுறையை வெளியிட்டது. அதில் சென்னை, புதுவை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் உள்ள ஊர்களுக்கு, திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் 16.66 சதவீதம் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. அதாவது ஆறில் ஒரு பங்கு. குளிர் பிரதேசத்துக்கு இது 8.33 சதவீதம்தான். நமக்கு அதைப் போல இரண்டு மடங்கு காற்று வேண்டும் என்பது இதற்கு அர்த்தம்.

இது புதிய கட்டிடங்களுக்காக எழுதப்பட்ட விதி. பழைய வீட்டை யாரும் இதை வைத்து மடக்கப் போவதில்லை. ஆனாலும் அளந்து பார்க்க நல்ல அளவுகோல்.

10-க்கு 12 அடி அறை. பரப்பு 120 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு 20 சதுர அடி. அறையில் 3-க்கு 4 அடியில் இரண்டு ஜன்னல் இருந்தால் மொத்தம் 24 சதுர அடி.

கீல் வைத்து விரியத் திறக்கும் பழைய ஜன்னலில் 90 சதவீதம் திறப்பாக எடுத்துக் கொள்ளலாம் என்கிறது அந்த விதி. அப்படியானால் 21.6 சதுர அடி. பாஸ்!

அதையே இரண்டு கண்ணாடி ஸ்லைடிங்காக மாற்றினால்? ஒரு கண்ணாடி நகர்ந்து மற்றொன்றின் பின்னால்தான் நிற்கும். எப்போதும் பாதி மூடியேதான் இருக்கும். 50 சதவீதம்தான் கணக்கு. 12 சதுர அடி. ஃபெயில்!

கடல் காற்று மத்தியானத்துக்கு மேல் வீசத் தொடங்கும்போது, அதில் பாதியை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டு உள்ளே ஃபேனும் ஏ.சி.யும் ஓட்டுவோம். முன்பு ஏ.சி. தேவைப்படாத அறைக்கும் ஏ.சி. தேவைப்படும். பில் குறைய மாற்றிய ஜன்னலே பில்லை ஏற்றிவிடும்.

பழைய பட்டைக் கதவின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. அதை மூடினாலும் காற்று வரும், வெயில் வராது. கண்ணாடியை மூடினால் வெயில் வரும், காற்று வராது.

கண்ணாடியே இல்லாத கட்டிடம்

இதற்கு சாட்சியாக புதுவையிலேயே ஒரு கட்டிடம் நிற்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்டே' தங்கும் விடுதிதான் அது.

செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டிடக் கலைஞர் இதை வடிவமைத்தார். 1930-களில் வேலை தொடங்கி 1940-களில் முடிந்தது. ஐதராபாத் நிஜாமின் நன்கொடை கிடைத்ததால் கோல்கொண்டா பெயரே விடுதிக்கும் வைக்கப்பட்டது.

கான்கிரீட் கட்டிடம்தான். ஆனால் வடக்கு, தெற்கு பக்கங்களில் சுவருக்குப் பதிலாக மாடி முழுக்க திருப்பக்கூடிய சாய்வுப் பட்டைகள். வெயில் வந்தால் சாய்த்துக் கொள்ளலாம், காற்று வேண்டும் என்றால் திறந்து கொள்ளலாம், மழை அடித்தால் மூடிக் கொள்ளலாம். உள்ளே அறைக்கு தேக்கு மரத்தில் பட்டை வைத்த தள்ளுகதவு. ஏ.சி. வைத்துக் கட்டிய கட்டிடம் அல்ல.

வெளிநாட்டு கலைஞர் நவீனமாக கட்ட வந்து, கடைசியில் நம்ம ஊர் பட்டை ஜன்னலின் தத்துவத்தைத்தான் கட்டிடம் முழுக்க விரித்து வைத்தார் என்று சொல்லலாம்.

உப்புக்காற்று சும்மா விடாது

மரக்காணம் உப்பளத்தில் பாத்தி கட்டி உப்பு எடுப்பவர்களுக்கு வெயிலும் காற்றும் சோறு போடுகிறது. அதே காற்று வீட்டு இரும்பை தின்றுவிடுகிறது.

உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஜன்னல் கம்பியில் படிந்த உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, மழை இல்லாத நாளிலும் கம்பியை நனைத்தே வைத்திருக்கும். துரு ஏறிய இரும்பு ஊதும். ஊதும்போது சுற்றியுள்ள மரத்தையும் சிமெண்டையும் பிளக்கும். பழைய ஜன்னல் சட்டம் பிளந்திருந்தால் பல நேரம் குற்றவாளி மரம் அல்ல, உள்ளே இருக்கும் கம்பிதான்.

யு.பி.வி.சி. ஜன்னல் துருப்பிடிக்காது. அது உண்மை. ஆனால் அதன் உருளை, திருகாணி, பூட்டு, உள்ளே வலுவுக்கு வைக்கும் பட்டை எல்லாம் உலோகம்தான். மலிவான இரும்பாக இருந்தால் அவை முதலில் போய்விடும். பிறகு ஜன்னல் நகராது.

கடலோரத்தில் எந்த ஜன்னல் போட்டாலும் திருகாணியும் கீலும் பித்தளையாகவோ, 316 ரக எவர்சில்வராகவோ இருப்பது நல்லது. சாதாரண 304 ரகத்தை விட இது உப்பை அதிகம் தாங்கும்.

புயலையும் மறந்துவிடக் கூடாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி மரக்காணம் அருகே கரை கடந்த நிவர் புயல், 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் என்று இந்தக் கடற்கரை அடுத்தடுத்து அடி வாங்கிய இடம். வெளியே மரக்கதவு இருந்தால் பறந்து வரும் ஓடும் கிளையும் அதில்தான் மோதும். வெறும் கண்ணாடி என்றால் நேராக வீட்டுக்குள்தான்.

சரி செய்வது எப்படி?

பழைய ஜன்னல் என்றால் அப்படியே விட்டுவிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. சரியாக மூடாத, இற்றுப்போன ஜன்னலால் நஷ்டம்தான். செய்ய வேண்டியவை வருமாறு:-

1. மழைத் தண்ணீர் நிற்பது அடிச்சட்டத்தில்தான். அதனால் அங்கேதான் முதலில் உளுக்கும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கொஞ்ச இடம்தான் மெத்தென்று போகிறது என்றால் அந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதே மரத்தில் ஒட்டு போடலாம். முழு ஜன்னலையும் தூக்கி எறிய வேண்டியது இல்லை.

2. பட்டைக் கதவு மூடவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் பெயிண்ட். வருடா வருடம் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து கனம் ஏறியிருக்கும். சுரண்டி எடுத்தால் பாதி ஜன்னல்கள் தானாக மூடும்.

3. ஏ.சி. அறையில் ஜன்னலை மூடிவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஊதுபத்தி கொளுத்தி விளிம்பு ஓரமாக காட்டுங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே ஓட்டை. ரப்பர் பீடிங் வைத்து அடைத்துவிடலாம். செலவு குறைவு.

4. வெளியே பட்டைக் கதவு, உள்ளே கண்ணாடிக் கதவு என்று இரண்டும் இருந்த வீடுகள் புதுவையில் பல உண்டு. உங்கள் வீட்டில் உள்கதவு போயிருந்தால் மறுபடி ஒன்று செய்து மாட்டுங்கள். பகலில் வெளிக்கதவு வெயிலை நிறுத்தும். ராத்திரி உள்கதவு ஏ.சி. குளிரை நிறுத்தும். தெருவில் இருந்து பார்த்தால் முகப்பும் மாறாது.

5. கொசுவலை தேவை என்றால் தனி சட்டத்தில் உள்பக்கம் மாட்டுங்கள். கழற்றிக் கழுவ முடிய வேண்டும். தூசி அடைத்த வலை காற்றையும் அடைக்கும்.

எப்போது மாற்றலாம்?

நிலையே கறையான் அரித்துப் போயிருந்தால், சட்டம் முழுக்க உளுத்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். முகப்பில் என்றால் அதே அளவு, அதே வடிவம், விரியத் திறக்கும் வகை, வெளியே பட்டைக் கதவு என்று செய்யுங்கள். பட்டியலில் உள்ள வீடு என்றால் அனுமதி வாங்கிய பிறகே கழற்ற வேண்டும்.

எந்த ஊராக இருந்தாலும் மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தில் இருந்து 100 மீட்டருக்குள் வீடு இருந்தால் பழுதுபார்க்கவே முன் அனுமதி தேவை. கேட்டுக் கொண்டு தொடங்குவது தலைவலியை குறைக்கும்.

இன்னொன்று. மாடி இல்லாத வீட்டில் சூடு அதிகம் இறங்குவது கூரை வழியாக. ஜன்னலுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டும் முன், மொட்டை மாடிக்கு வெள்ளை அடிப்பது மலிவான முதல் வேலை. ஏ.சி.யை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தி திறன் அமைப்பே சொல்கிறது. அதற்கு செலவே இல்லை.

போனால் வராது

கழற்றிப் போடும் பழைய தேக்கு ஜன்னல் எங்கே போகிறது தெரியுமா? கிழக்கு கடற்கரை சாலை ஓரத்தில் உள்ள பழைய மரச்சாமான் கடைகளில் பாருங்கள். வரிசையாக சாத்தி வைத்திருப்பார்கள். அங்கிருந்து ரிசார்ட், ஓட்டல் என்று போய் சுவரில் ஏறிவிடும்.

அந்த மாதிரி முற்றிய தேக்கு இன்று அவ்வளவு சுலபமாக கிடைப்பது இல்லை. கண்ணாடி ஜன்னலை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக் கொள்ளலாம். விற்ற ஜன்னலை திரும்ப வாங்க முடியாது.

எனவே ஜன்னல் கடைக்காரரை கூப்பிடும் முன் மூன்று கேள்வி கேட்டுக் கொள்ளுங்கள். இந்த ஜன்னலில் வெயில் எத்தனை மணிக்கு அடிக்கிறது? புது ஜன்னலில் எவ்வளவு திறக்கும்? இப்போது உள்ளதை ஒரு நல்ல ஆசாரி சரி செய்ய எவ்வளவு கேட்பார்?

மூன்றுக்கும் பதில் எழுதிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் ஆசாரியைத்தான் முதலில் கூப்பிட வேண்டியிருக்கும். பாரம்பரிய விதியும் அதைத்தான் சொல்கிறது. கரண்ட் பில்லும் அதைத்தான் சொல்கிறது.